நரம்பியக்கடத்தி வெளியீடு: பெயர்களுக்கு முன் தொலைவைப் படியுங்கள்

நரம்பியக்கடத்தி (நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல வெளியிடும் வேதிப்பொருள்) வெளியாகும் நேரமும் இடமும் எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகின்றன என்ற வினாவுக்கு முதுநிலைத் தேர்வில் நான் மூன்று பக்கம் எழுதினேன். சின்டாக்சின், ஸ்நாப்-25, சினாப்டோடாக்மின், ரிம், மன்க்13 என ஒரு புரதப் பெயரும் விடுபடவில்லை. ஆயினும் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. எந்தப் புரதம் எதனுடன் இணைகிறது என்று எழுதியிருந்தேனே தவிர, வெளியீடு ஏன் அந்த இடத்தில், ஏன் அந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பதை எங்கும் விளக்கவில்லை.

மறுமுறை படித்தபோது, ஒரு நானோமீட்டரை ஒரு மில்லிமீட்டராகக் கொண்டு தரையில் தாள்களை ஒட்டிப் படம் வரைந்தேன். ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஆக்ஸான் (நரம்பிழை) முனை ஒரு மீட்டர் நீண்டது. நரம்பியக்கடத்தியை அடைத்து வைத்திருக்கும் நுண்பையோ 4 சென்டிமீட்டர் வட்டமாக அமைந்தது. அந்த நுண்பை முனையின் சவ்வுடன் இணைந்து உள்ளிருப்பதை வெளியிடத் தூண்டுவது கால்சியம். செல்லுக்குள் ஓய்வுநிலைக் கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார்தான். வெளியே அதைப் போல் பத்தாயிரம் மடங்கு இருக்கிறது. மின்துடிப்பு வந்து கால்சியம் வாயில் திறக்கும்போது அதையொட்டிய சில சென்டிமீட்டருக்குள், அதாவது உண்மையில் சில பத்து நானோமீட்டருக்குள் மட்டுமே செறிவு மிக உயர்கிறது. வாயில் மூடியதும் அது பரவிக் கரைந்துவிடுகிறது. ஆகவே வாயிலுக்கு அருகில் நுண்பையை நிறுத்துவதே நேரத்தையும் தீர்மானித்துவிடுகிறது. ரிம் புரதத்தின் பணி அப்போதுதான் எனக்கு விளங்கியது: அது செயல் மண்டலத்தில், அதாவது வெளியீடு நிகழும் சவ்வுப் பகுதியில், வாயிலையும் நுண்பையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைக்கிறது.

சோதனைகளையும் இதே கண்ணோட்டத்தில் படியுங்கள். 1967இல் உடலியங்கியலாளர்கள் காட்ஸும் மிலேடியும் தவளையின் நரம்பு–தசைச் சந்திப்பில் நுண்குழல்வழிக் கால்சியத்தைச் செலுத்தினர். நரம்பு முனையைத் தூண்டுவதற்குச் சற்று முன் கொடுத்தபோது வெளியீடு கூடியது, தூண்டிய பின் கொடுத்தபோது பலனில்லை. எனக்கு இன்னும் மிகவும் பிடித்தது கணவாயின் பெருஞ்சினாப்ஸில் (இரு நரம்புச் செல்கள் சந்திக்கும் மிகப் பெரிய இணைப்பில்) செய்த சோதனை. பாப்டா, ஈஜிடிஏ ஆகிய இரு வேதிப்பொருள்களும் கால்சியத்தை ஏறத்தாழ ஒரே வலிமையுடன் பற்றுபவை. ஆனால் பாப்டா மிக விரைவாகப் பற்றும். பாப்டா வெளியீட்டைத் தடுத்தது, ஈஜிடிஏ தடுக்கவில்லை. ஈஜிடிஏ பிடிப்பதற்குள் கால்சியம் வாயிலிலிருந்து, நுண்பையில் கால்சியத்தை உணரும் புரதமான சினாப்டோடாக்மினைச் சென்றடைந்து விடுகிறது என்றால் அந்தத் தொலைவு எவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டும்!

புரதப் பெயர்களை இதன் பிறகு படித்தால் போதும்; ஸ்நேர் புரதங்கள் (சின்டாக்சின், ஸ்நாப்-25 போன்றவை) சவ்வுகளை இணைக்கும் முறைக்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் தேவைப்படாது. தேர்வுக்கு முந்தைய நாள் புத்தகத்தை மூடிவிட்டு, அளவுகளுடன் அந்தப் படத்தை வரைந்து, ஈஜிடிஏ ஏன் தோற்றது என்று ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள்.