பிளம்ஸ் ஒயினை எப்போது பாட்டிலில் அடைப்பது?

போன ஜூனில் போட்ட பிளம்ஸ் ஒயின் இன்னும் பெரிய கண்ணாடி ஜாடியில்தான் இருக்கிறது. "கிறிஸ்துமஸும் போச்சு, பொங்கலும் போச்சு, எப்பக்கா அடைப்பே?" என்று தங்கை போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மார்ச் வரட்டும் என்கிறேன்.

முதல் தடவை நான் அவசரப்பட்டேன். டிசம்பரில் ஏர்லாக்கில் (ஜாடியின் வாயில் வைக்கும், வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) ஒரு குமிழிகூட வரவில்லை. சரி, முடிந்துவிட்டது என்று 11 பாட்டிலில் ஊற்றி, கார்க் அடித்து, சமையலறை அலமாரியில் அடுக்கினேன். மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் டமார் என்று சத்தம். ஒரு பாட்டில் வெடித்திருந்தது, இரண்டில் கார்க் பறந்திருந்தது. கண்ணாடித் துண்டு அரிசி டப்பா வரை தெறித்திருந்தது. பத்து நிமிஷம் முன்னால்தான் அங்கே நின்று வெங்காயம் நறுக்கினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து பார்த்தார். "குன்னூர் குளிர்ல தூங்கியிருக்கும்மா அது. நீ முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டே." அதுதான் விஷயம். குளிர் ஏற ஏற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்பதை நிறுத்திவிடும். வெயில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி வாயுவை விடும். அடைத்த பாட்டிலுக்குள் அந்த வாயு எங்கே போகும்?

அதனால் இப்போது ஹைட்ரோமீட்டர் சொல்வதைத்தான் கேட்கிறேன். ஒயினில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி அது; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற எண் இறங்கும். இந்த முறை சர்க்கரை கரைத்த அன்று 1.090. டிசம்பரில் 1.012-இல் அப்படியே நின்றது. நாக்கில் வைத்தாலே தித்திப்பு தெரிந்தது. பொங்கல் முடிந்ததும் ஜாடிக்குக் கம்பளி சுற்றி அடுப்பங்கரை ஓரத்துக்கு நகர்த்தினேன். நாலாம் நாள் குமிழி கிளம்பியது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்! இன்று காலை 0.996. ஜில்லென்ற ஒயினில் அளந்தால் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதனால் எடுத்த ஒயினை 20 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் அளக்கிறேன். இரண்டு வாரம் கழித்தும் இதே எண் இருக்க வேண்டும்.

அப்புறம் தெளிவு. ஜாமை இறுக வைக்கும் பெக்டின்தான் பிளம்ஸ் ஒயினைக் கலங்கலாக வைப்பதும். இரண்டு தடவை மண்டியை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை டியூப் போட்டு வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டேன். பின்னால் டார்ச் அடித்தால் இப்போது மாதுளைச் சாறு நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது.

கடைசியாக ஒன்று பார்ப்பேன். சின்ன பாட்டிலில் பாதி ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கி, விரலை எடுப்பேன். நேற்றும் புஸ்ஸென்றது, அதாவது வாயு இன்னும் உள்ளே இருக்கிறது. காலி பாட்டில்களைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.