துக்க வீட்டில் விசுவாசம் தாங்கியது எப்படி

என் கணவர் இறந்தபோது அடக்க ஆராதனை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அண்ணன்மார் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய டயாலிசிஸ் காலத்தில்கூட ஆடாத என் விசுவாசத்தை ஆட்டியது, அவர் போன பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பேச்சுதான்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அழக்கூடாது" என்றார்கள். அது வேதத்தில் வரும் யோபு என்ற பக்தன் தன் பிள்ளைகளை இழந்தபோது தானே சொன்னது. அடுத்தவர் எடுத்து அவன் தலையில் வைத்ததல்ல. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அவனுக்கு விளக்கம் சொன்ன சிநேகிதர்கள்மேல்தான் கடைசியில் கர்த்தர் கோபப்படுகிறார். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதாரே, நான் அழுதால் என்ன?

ஒருவர் வற்புறுத்தியதால் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி ஒரு ஜெப வீட்டுக்குப் போனோம். மத்தியானம் வரை காக்கவைத்துவிட்டு, "குடும்பத்தில் மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிட்டால் பிள்ளையாவது தப்பும்" என்றார் அங்கிருந்தவர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்தும், "நான் ஏதும் செஞ்சேனாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறவிக்குருடன் ஒருவனைப் பற்றி இயேசு சொன்ன யோவான் 9:3-ஐ அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன்: "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." தயவுசெய்து இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். நீங்களும் போகவேண்டாம்.

எனக்கு உதவியது எங்கள் சபை உபதேசியார் சொன்ன ஒன்று. "ஜெபிக்க வரலைன்னா 88-ஆம் சங்கீதத்தை வாசிங்கம்மா" என்றார். 13, 22 போன்ற புலம்பல் சங்கீதங்கள் முடியும்போது துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது, இருட்டிலேயே முடியும். ஆனால் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. பதிலே வராத ஒருவன் அவரையே கூப்பிடுகிறான், அதுவும் வேதத்தில் இருக்கிறது. பல ராத்திரி எனக்கு வேறு ஜெபம் இல்லை, அதுவே போதுமாக இருந்தது.

சபைக் கோயிலுக்குத் திரும்பப் போகும்போது பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டு வராவிட்டால் மற்றவர்கள் பாடட்டும். திருவிருந்துக்கு எழுந்து போக முடியாத ஞாயிறுகள் எனக்கு இருந்தன. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவருக்கு என்றும் நன்றி.

துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சரியாகச் செய்தது அது. பக்கத்து வீட்டுச் சித்தி அப்படித்தான் சாயங்காலம் வந்து, காய் நறுக்கி, சோறு வடித்துவிட்டுப் போவார். வசனம் எதுவும் சொன்னதில்லை.

மகள் இப்போது திருவிருந்து எடுப்பதற்கு முன் சபையில் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். "அப்பாவை ஏன் எடுத்தாருன்னு ஐயர்கிட்ட கேக்கப்போறேன்" என்றாள். கேள் என்று சொல்லியிருக்கிறேன்.