குரங்கின் ரத்தத்தில் காணாமல் போன எதிர்ப்பொருள்

எச்.ஐ.வி.-க்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடித்து அடக்கும் புரதம், குரங்குகளைத் தொற்றிலிருந்து காக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது வாரத்தில் அடுத்தடுத்து மூன்று குரங்குகளுக்குத் தொற்று. எதிர்ப்பொருள் காக்கவில்லை என்று எழுதப் போகும் நேரத்தில்தான், உறையவைத்திருந்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) எடுத்து எலைசா, அதாவது எதிர்ப்பொருள் அளவைக் காட்டும் சோதனை, செய்தோம். தோற்பதற்கு அங்கே எதிர்ப்பொருளே இல்லை!

ஏற்பாடு வழக்கமானதுதான். ரீசஸ் குரங்குக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே முறை ரத்தக்குழாய் வழியே மனித எதிர்ப்பொருள். மறுநாள் தொடங்கி வாரம் ஒருமுறை மலக்குடல் வழியே சிறிதளவு ஷிவ் வைரஸ், அதாவது எச்.ஐ.வி. உறை போர்த்திய எஸ்.ஐ.வி. என்ற குரங்கு வைரஸ். மயக்க மருந்து, ஏற்றுதல், எதிலும் சிக்கலில்லை.

சிக்கல் குரங்கின் உடலில். மனிதப் புரதம் அதற்கு அந்நியம்; இரண்டு மூன்று வாரத்தில் அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாகிவிடுகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இயல்பாகத் தேய்ந்தால், லாக் அளவுகோலில் வரைந்த கோடு நேராக இறங்கும். இந்த எதிர்வினை வந்தாலோ செங்குத்துப் பாறை மாதிரி விழும். வாராவாரம் அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கடைசியில் மொத்தமாக அளந்துகொள்ளலாம் என்று செலவை மிச்சம் பிடித்ததன் கூலி இது.

இரண்டாம் சுற்றில் எதிர்ப்பொருளின் நிலைப்பகுதியை (வைரஸைப் பிடிக்கும் முனை தவிர்த்த மாறாத பகுதி) ரீசஸ் குரங்கினுடையதாக மாற்றி வாங்கினோம். எதிர்வினை முழுக்க நிற்காது, குறையும். ஆனால் மனித ஐஜிஜி-யை (ரத்தத்தின் முக்கிய எதிர்ப்பொருள் வகை) கண்டறியும் பழைய எலைசா இதற்கு உதவாது; பிணைப்புமுனையையே அடையாளம் காணும் தனி எதிர்ப்பொருள் வேண்டும். இதைத் தயாரிப்பாளர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போனது இரண்டு வாரம். எஃப்சி ஏற்பியோடு, அதாவது எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றும் நோயெதிர்ப்பு செல்களின் கொக்கியோடு, பிணையாத வடிவம் கொடுத்தால் வாங்காதீர்கள்: பி12 என்ற எச்.ஐ.வி. எதிர்ப்பொருளில் அந்தப் பிணைப்பை நீக்கியபோது பாதுகாப்பு குறைந்ததை 2007-லேயே காட்டிவிட்டார்கள்.

கணக்கில் இன்னொரு பொறி. வைரஸ் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் தென்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே தொற்று தெரிந்த நாளின் எதிர்ப்பொருள் அளவை எடுக்கக் கூடாது. அதற்கு முன் வைரஸ் கொடுத்த நாளின் அளவுதான் கணக்கு.

சேமித்து வைத்த வைரஸின் வீரியத்தை டிஇசட்எம்-பிஎல் என்ற ஆய்வகச் செல்களில் மட்டும் அளந்துவிட்டு நம்பாதீர்கள். அதே மலக்குடல் பாதையில் சில குரங்குகளில் சோதித்து அளவை முடிவு செய்யுங்கள். வைரஸைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைத்தால் வீரியம் இறங்கும். எதிர்ப்பொருள் அந்த வைரஸை அடக்கும் அளவையும் முன்பே பாருங்கள். 2021-இல் வெளியான, மனிதர்களிடம் நடந்த ஏஎம்பி ஆய்வுகளில் விஆர்சி01 என்ற எதிர்ப்பொருள் மொத்தத்தில் தொற்றைத் தடுக்கவில்லை. ஐசி80 (வைரஸை 80% அடக்கத் தேவையான எதிர்ப்பொருள் அளவு) மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழுள்ள வைரஸ்களிடம் மட்டும் ஏறத்தாழ 75% பலன் கிடைத்தது. குரங்குச் சோதனைக்கும் இதே கதைதான்.

சளிச்சவ்விலிருந்து பஞ்சால் ஒற்றி மாதிரி எடுப்பது தனித் தலைவலி. பஞ்சை முன்னும் பின்னும் எடைபோட வேண்டும், இல்லையேல் எத்தனை மடங்கு நீர்த்தது என்றே தெரியாது. ரத்தம் துளி கலந்தாலும் எதிர்ப்பொருள் அளவு பொய்யாக எகிறும். ஹீமோகுளோபின் பட்டையில் நிறம் மாறினால் தூக்கிப் போடுங்கள். வைரஸ் கொடுக்கும் நாளில் பஞ்சு வைக்கவே வேண்டாம். சவ்வு உரசினால் வைரஸுக்கு நாமே கதவு திறந்துவிட்டதாகும்.

இரண்டாம் சுற்றில் கோடு நேராக இறங்கியது. தொற்று வந்ததெல்லாம் அளவு தேய்ந்த பிறகுதான்.