உலகம் முழுவதும் ஒரே ஒப்பந்தம்

பல நாடுகளில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கேலரி என் ஓவியங்களை விற்க முன்வந்தபோது, பாராட்டுக் கடிதத்தோடு வரைவு ஒப்பந்தமும் வந்து சேர்ந்தது. உலகம் முழுவதற்குமான விற்பனை உரிமை தங்களுக்கே உரியது என்று அதில் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். தொடக்கத்திலிருந்து என் படங்களைக் காட்சிக்கு வைத்து, எதுவும் விற்காத ஆண்டுகளிலும் என்னைக் கைவிடாத சிறிய கேலரி ஒன்று எனக்கு உண்டு. அந்த வரியை அப்படியே ஏற்றிருந்தால், அவர்கள் தங்களுடைய பழைய வாடிக்கையாளருக்கு என் படம் ஒன்றை விற்பதற்கும் பெரிய கேலரியின் அனுமதியை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக் கேட்கும் துணிவு பெரிய கேலரிகளுக்கு எங்கிருந்து வருகிறது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1992இல் சூரிக்கில் தொடங்கிய ஹவுசர் அண்ட் விர்த், 1993இல் நியூயார்க்கில் தொடங்கிய டேவிட் ஸ்விர்னர் போன்ற கேலரிகள் இன்று பல கண்டங்களில் இயங்குகின்றன. 1970இல் தொடங்கிய ஆர்ட் பாசல் என்ற கலைச் சந்தை 2002இல் மயாமி பீச்சுக்கும், 2013இல் ஹாங்காங்குக்கும், 2022இல் பாரிசுக்கும் விரிந்தது. ஒவ்வொரு சந்தைக்கும் அரங்கு வாடகை, சரக்குக் கட்டணம், காப்பீடு என்று செலவு கூடிக்கொண்டே போகும். பெரிய கேலரி அதைப் பல விற்பனைகளில் ஈடுகட்டிவிடும், சிறிய கேலரிக்கோ ஒரு சந்தை சரியாகப் போகாவிட்டால் அந்த ஆண்டே ஆட்டம் கண்டுவிடும். கண்டுபிடித்து வளர்ப்பது சிறியவர்கள், விலை ஏறிய பிறகு எடுத்துக்கொள்வது பெரியவர்கள் என்ற குறை வெறும் பொறாமைப் பேச்சு என்று நான் நினைக்கவில்லை.

பேச்சுவார்த்தை நீண்டது. விற்பனைத் தொகையில் பாதி கேலரிக்கு என்பது பரவலான வழக்கம் என்பதால் அதை நான் தொடவில்லை. அந்தப் பாதியிலிருந்து ஒரு பங்கு என் பழைய கேலரிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். நான் கேட்டதைவிடக் குறைவாக, முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். பழைய கேலரி தன் நாட்டில் தொடர்ந்து விற்கலாம் என்பதும் எழுத்தில் வந்தது. தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் எவ்வளவு குறையும் என்பது ஒரே அமர்வில் முடிந்தது.

படங்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விதான் அதிக நேரம் எடுத்தது. ஒரு கிளையில் விற்காத படம் எனக்குத் தெரியாமலே இன்னொரு நாட்டின் கிடங்குக்குப் போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு காலாண்டும் இருப்புப் பட்டியலை அனுப்ப வேண்டும் என்ற பிரிவைச் சேர்க்கவைத்தேன். படம் எந்த நாட்டில் கைமாறுகிறது என்பதற்கும் விளைவு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுவிற்பனையானால் தகுதியுள்ள ஓவியருக்குச் சட்டப்படி ஒரு பங்கு கிடைக்கும், ஒரு விற்பனைக்கு அதன் உச்சவரம்பு 12,500 யூரோ. அமெரிக்காவில் அப்படிக் கூட்டாட்சிச் சட்டம் இல்லை.

வாங்குபவர்களின் பெயர்களை மட்டும் அவர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. எந்தக் கிளையில் யார் காத்திருக்கிறார், எந்தப் படம் யாருக்கு முதலில் காட்டப்படும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும்வரை, விலையும் அவர்கள் கையில்தான் இருக்கும். அருங்காட்சியகங்களின் பெயர்களைத் தருவதாகவும், தனிநபர்களாக இருந்தால் நகரத்தை மட்டும் குறிப்பிடுவதாகவும் ஒரு திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தோடு கையெழுத்திட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அந்தப் பிரிவைத்தான் முதலில் எடுப்பேன் என்பதையும் அப்போதே அவர்களிடம் சொல்லிவிட்டேன்.