நாப்பத்தியொரு ஓட்டு

எண்ணி முடிச்சாச்சான்னு ஹெச்ஆர் அம்மா கேட்டப்ப, ஆச்சுன்னு சொல்லிட்டு நம்பர மட்டும் குடுத்திருந்தா இப்ப இத உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்க மாட்டேன். நான் என்ன சொன்னேன்னா, "ஒரே மெஷின்ல இருந்து 41 ஓட்டு வந்திருக்கு." அவங்க, "அப்ப ஏமாத்து வேலையா?" நான், "தா." ரஷ்யன்ல ஆமாவுக்கு அவ்வளவுதான், ரெண்டே எழுத்து.

2018 டிசம்பர், மாஸ்கோ, புது வருஷத்துக்கு முன்னாடி எல்லா கம்பெனியும் வைக்கிற பார்ட்டி. எங்க ஆபீஸ்ல அந்த வருஷம் கோலஸ்ங்கற டிவி பாட்டுப் போட்டி மாதிரியே ஒண்ணு நடத்தினாங்க. 2012ல ரஷ்யாவோட 'முதல் சேனல்'ங்கற டிவில ஆரம்பிச்சதுல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லார் வீட்லயும் ஓடுற ப்ரோக்ராம், பாடறவங்க முகத்த பாக்காம கோச்சுங்க முதுக காட்டி உக்காந்திருப்பாங்களே, பிடிச்சா பட்டன அடிச்சு சிவப்பு நாற்காலி திரும்புமே, அதேதான். அக்கவுண்ட்ஸ்ல இருந்து நாலு சுழல் நாற்காலிய தள்ளிட்டு வந்து சிவப்பு துணி சுத்தினோம். பட்டன் கிடையாது, கால தரையில ஊனி அவங்களே திரும்பிக்கணும். பிலான், பெலகேயா, அகூதின்னு மூணு கோச்சுங்களோட நாற்காலிக்கு சண்டையே இல்ல, நாலாவது கோச் கிராட்ஸ்கி நாற்காலிக்குத்தான் அடிதடி, ஏன்னா முதல் 3 சீசனும் அவர் டீம் ஆளுதான் ஜெயிச்சது. கடைசில சீஃப் அக்கவுண்டன்ட் கலர் கண்ணாடி ஒண்ண மாட்டிக்கிட்டு வந்து அவரே உக்காந்துட்டாரு. ஹெச்ஆர் அம்மாதான், அப்ப டிவில அத தொகுத்து வழங்கின நகியெவ் மாதிரி மைக் புடிச்சாங்க.

ஓட்டு போடற பேஜ் என் வேலை. லாகின் கிடையாது, பேர டிக் பண்ணி அனுப்பு, முடிஞ்சது. இது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு பார்ட்டி கேமுக்கு யாருங்க லாகின் வைப்பா.

ஃபைனல்ல ரெண்டு பேரு. ஒண்ணு கமர்ஷியல் டைரக்டரோட பொண்ணு, எங்ககிட்டயே இன்டர்னா இருந்தா, ம்யூசிக் ஸ்கூல் படிச்ச குரல், ஸ்ருதி அசையாது. இன்னொருத்தர் குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவரு. பெரிய தாடி, அதனால ஆபீஸ்ல அவருக்கு ஃபோதின்னே பேரு. 2015ல ஒரு மடத்து துறவி ஃபோதி, மக்கள் ஓட்டுலயே கோலஸ் ஜெயிச்சாரு இல்லியா, அவர வச்சு. இவரு பாடினது ஒரு பழைய போர்க்கால பாட்டு. ரெண்டாவது சரணத்துல வரி மறந்து போயி அப்படியே நின்னாரு, ஹாலே சேந்து பாடி எடுத்துக் குடுத்துச்சு. யாரு நல்லா பாடினாங்கன்னு கேட்டா அந்த பொண்ணுதான். என் ஓட்டு யாருக்குன்னு கேக்காதீங்க.

வந்த கணக்கு அவருக்கு 79, பொண்ணுக்கு 62. மொத்தம் 141. கம்பெனில இருந்ததே 128 பேரு. அங்கதான் எனக்கு இடிச்சது, லாக திறந்து பாத்தா குடோன் கம்ப்யூட்டர்ல இருந்து 6 நிமிஷத்துல 41, எல்லாமே அவருக்கு. ஒரு ஓட்டுக்கு 9 செகண்ட் கூட இல்ல. 41அயும் தூக்கினேன், 62க்கு 38. பொண்ணுக்கு ஒரு காபி மெஷின் குடுத்தாங்க, கைதட்டினோம், ஃபோதியும் தட்டினாரு.

டைரக்டர் பொண்ணுங்கறதால செஞ்சியான்னு என்னையே நூறு தடவ கேட்டுட்டேன். இல்லன்னுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வருது, அதுவும் கொஞ்சம் சீக்கிரமாவே வந்துருது. ஏன்னா மெயின் ஆபீஸ் ஓட்டும் ஒரே வைஃபைல இருந்துதானே வந்துச்சு, அத நான் சந்தேகப்படல. ஃபோன் மாடல் வேற வேறயா இருந்துச்சு, அதனால விட்டேன். நியாயமான காரணம்தான். ஆனா அந்த காரணத்த நான் பார்ட்டி முடிஞ்சு வீட்டுக்கு போற வழியில மெட்ரோலதான் யோசிச்சு கண்டுபுடிச்சேன், டெலீட் பண்றப்ப இல்ல.

அதோட மறந்திருப்பேன். 2019 ஏப்ரல் 26, குழந்தைங்க கோலஸ் ஆறாவது சீசன் ஃபைனல். பாடகி அல்சூவோட சின்னப் பொண்ணு 56.5 சதவீதம் வாங்கி ஜெயிச்சா. நாடே கொந்தளிச்சுது, எங்க டீம்ல கசகஸ்தான் பையன் ஒருத்தன், ஃபைனல்ல பாடின அவன் நாட்டுப் பையன் யெர்ஜான் தோத்ததுல ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. சேனல் குரூப்-ஐபிங்கற சைபர் செக்யூரிட்டி கம்பெனிய கூப்பிட்டு விசாரிக்க சொன்னாங்க. சுமார் 300 நம்பர்ல இருந்து 8,000க்கு மேல எஸ்எம்எஸ், எல்லாம் ஒரே போட்டியாளருக்கு. மே 16 ரிசல்ட்டையே கேன்சல் பண்ணிட்டாங்க.

கேன்டீன்ல நான்தான் அன்னைக்கு ப்ரொஃபசர். போர்ஷ் சூப் ஆறிட்டிருக்கு, நான் பாட்டுக்கு விளக்கறேன், மனுஷன் போடற ஓட்டு எப்படி விழும், மெஷின் போட்டா எப்படி விழும்னு. போதாக்குறைக்கு, "நாம டிசம்பர்லயே இத புடிச்சோம்ல"ன்னு வேற சொல்லிட்டேன். பக்கத்து டேபிள்ல ஃபோதி இருந்தத பாக்கவே இல்ல.

அவரு கோவப்படல. கொம்போத்ங்கற பழ பானம் இருந்த டம்ளர கீழ வச்சுட்டு, "எங்க பக்கம் கம்ப்யூட்டரே ஒண்ணுதானே. ஷிப்ட்ல இருந்தவங்க வரிசைல நின்னாங்களாம், ஒருத்தன் மவுஸ புடிச்சுக்கிட்டு அடுத்து, அடுத்துன்னு கூப்பிட்டிருக்கான்"னாரு.

"எத்தன பேரு?"

"23. டிரைவருங்க ரெண்டு பேரும் வந்து சேந்திருந்தா 25. நான் இங்க ஹால்லதான இருந்தேன், எனக்கெப்படி தெரியும்."

கணக்கு போட்டு பாருங்க. 38 கூட 23 சேத்தா 61, ஒரு ஓட்டுல அவரு தோத்துட்டாரு, நான் செஞ்சது தப்பா இருந்தாலும் முடிவு சரி. 25ன்னா 63, ஒரு ஓட்டுல ஜெயிச்சிருக்காரு. மிச்சம் 16ஓ 18ஓ நிச்சயமா கள்ள ஓட்டு, அதுல சந்தேகமே இல்ல, அதனால என்னைய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. சொல்லவும் யாரும் சொல்லல. ஒரு ஃபோன் அடிச்சு குடோன்ல எத்தன பேர் இருக்கீங்கன்னு கேட்டிருக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா மைக்க கைல வச்சுக்கிட்டு ஒரு அம்மா நிக்கறப்ப ரெண்டு நிமிஷம்ங்கறது சின்ன நேரம் இல்ல.

மே 24 சேனல்காரங்க ஸ்பெஷல் எபிசோட் போட்டு எல்லா குழந்தைங்களும் ஜெயிச்சதா அறிவிச்சுட்டாங்க. நல்ல வழின்னு தோணுச்சு, நாங்களும் ரெண்டு பேருக்கும் காபி மெஷின் குடுத்திருக்கலாம். அப்புறம் யோசிச்சா அதுலயும் மனசு ஒட்டல. எல்லாரும் ஜெயிச்சாங்கன்னா ஒழுங்கா ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினவனுக்கு என்ன பதில்.

ஹெச்ஆர் அம்மாகிட்ட போயி சொன்னேன், கணக்குல தப்பு இருக்கலாம்னு. "அஞ்சு மாசம் ஆச்சு, காபி மெஷினே ரிப்பேர் ஆயிருக்கும்"னு சிரிச்சாங்க. ஃபோதிகிட்ட போகல. அதுவரைக்கும் என்னைய நீ வா போன்னு பேசிட்டிருந்த மனுஷன், அந்த கேன்டீன் நாளுக்கப்புறம் நீங்க வாங்கன்னு மாத்திக்கிட்டாரு. மரியாதையா குறை சொல்ல முடியாதபடி பேசுவாரு.

அந்த லாக் ஃபைல் இன்னும் வச்சிருக்கேன். அன்னைக்கு மொத்தத்த மட்டும்தான் பாத்தேன், வரிசை வரிசையா பாத்தது ரொம்ப நாள் கழிச்சு. முதல் 23 ஓட்டு பத்து பத்து செகண்ட் இடைவெளில நிதானமா விழுது. அப்புறம் 50 செகண்ட் ஒண்ணுமே இல்ல. அதுக்கு மேல மூணு நாலு செகண்டுக்கு ஒண்ணுன்னு கொட்டுது, 18. அந்த 50 செகண்ட் டிரைவருங்க வண்டிய நிறுத்திட்டு உள்ள வர எடுத்த நேரமா, இல்ல மவுஸ புடிச்சிருந்தவனுக்கு புத்தி மாறுன நேரமா.