போகிக்குள் சிஸ்டம்டி

10 ஜனவரி 2025, வெள்ளி இரவு

லினக்ஸ் கணினி எழும்போது சேவைகளைத் தொடக்கி வைக்கும் மென்பொருளுக்கு இனிட் என்று பெயர். அலுவலக சர்வர்கள் எல்லாவற்றிலும் அந்த வேலைக்குச் சிஸ்டம்டி. வீட்டு லேப்டாப்பில் ஜென்டூ (பேக்கேஜ்களை நம் கணினியிலேயே கம்பைல் செய்து கட்டிக்கொள்ளும் லினக்ஸ்), அதில் அதே வேலைக்கு ஓப்பன்ஆர்சி. பகல் முழுக்க சிஸ்டம்சிடிஎல் என்று அடித்துப் பழகிய விரல் ராத்திரி வீட்டிலும் அதையே அடிக்கிறது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது ஷெல். மாற்றிவிடலாம் என்று தோன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. 2010-இல் சிஸ்டம்டி வந்த நாளிலிருந்து நடக்கும் சண்டையில் நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஓப்பன்ஆர்சி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

இன்று செய்தது இவ்வளவுதான்: அமைப்புக் கோப்புகள் இருக்கும் /ஈடிசி முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். எந்த ரன்லெவலில் (ஓப்பன்ஆர்சியில் சேவைகளின் தொகுப்பு) எந்தச் சேவை ஓடுகிறது என்ற பட்டியலை மளிகை பில்லின் பின்பக்கம் எழுதி வைத்தேன். மாற்றிய பிறகு திரை வருமோ வராதோ, காகிதம் இருக்கும்.

11 ஜனவரி, சனி

காலையில் முதல் வேலை /யூஎஸ்ஆர் இணைப்பு, அதாவது கட்டளைகளும் லைப்ரரிகளும் இருக்கும் அடைவுகளை /யூஎஸ்ஆர் அடைவுக்குள் சேர்ப்பது. என்னுடையது பழைய அமைப்பு. /பின், /எஸ்பின், /லிப் எல்லாம் /யூஎஸ்ஆருக்கு வெளியே தனித்தனியாக இருந்தன. சிஸ்டம்டி 255-ஆம் பதிப்பிலிருந்து அந்த அமைப்பை ஆதரிப்பதில்லை. இதற்கென்றே மெர்ஜ்-யூஎஸ்ஆர் என்று ஒரு கருவி இருக்கிறது. முதலில் ஒத்திகை ஓட்டம், அப்புறம் நிஜம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கரண்ட் போனால் என்று நினைத்து, பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

அடுத்தது ப்ரொஃபைல், ஜென்டூ தரும் அடிப்படை அமைப்புத் தொகுப்பு. 23.0 வரிசையில் டெஸ்க்டாப், பிளாஸ்மா, சிஸ்டம்டி என்று முடியும் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். புதிய யூஸ் ஃப்ளாக்குகளோடு (எந்த வசதியைச் சேர்த்துக் கட்டுவது, எதை விடுவது என்று சொல்லும் சொற்கள்) உலகம் முழுவதையும், அதாவது நிறுவிய எல்லாவற்றையும், புதுப்பித்தால் என்னென்ன மாறும் என்று ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜிடம் கேட்டேன். சிவப்பாக ஒரு பக்கம் திட்டு வந்தது. எலாகின்டியும் சிஸ்டம்டியும் ஒன்றையொன்று தடுக்கின்றனவாம். (எலாகின்டி என்பது சிஸ்டம்டியில் பயனர் லாகின்களைக் கவனிக்கும் லாகின்டியைத் தனியாகப் பிரித்தெடுத்த துண்டு. மூலமும் துண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியாது.)

ப்ரொஃபைலை மாற்றிய பிறகு எலாகின்டி எங்கிருந்து வருகிறது? பத்து நிமிடம் விழித்த பிறகு எல்லாப் பேக்கேஜுக்கும் பொதுவான அமைப்பை எழுதும் மேக்.கான்ஃப் கோப்பைத் திறந்தேன். யூஸ் வரியின் தலையிலேயே "மைனஸ் சிஸ்டம்டி, எலாகின்டி" என்று உட்கார்ந்திருக்கிறது; மைனஸ் என்றால் வேண்டாம் என்று பொருள். எப்போதோ நானே எழுதியது. ப்ரொஃபைல் சொல்வதை மேக்.கான்ஃப் தட்டிவிடும், மேக்.கான்ஃப் சொல்வதை, பேக்கேஜ் வாரியாக எழுதும் பேக்கேஜ்.யூஸ் தட்டிவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். சமயத்தில்தான் நினைவுக்கு வராது.

அந்த இரண்டையும் அழித்ததும் பட்டியலில் தீராத தடையைக் காட்டும் பெரிய 'பி'க்கள் மறைந்து சின்ன 'பி'க்கள் மட்டும் மிஞ்சின. சின்னதைப் போர்ட்டேஜே தீர்த்துக்கொள்ளும். சிஸ்டம்டிக்கு மட்டும் பேக்கேஜ்.யூஸில் "மைனஸ் சிஸ்வி-யூட்டில்ஸ்" என்று ஒரு வரி சேர்த்தேன். அது இருக்கும்வரை, பூட்டில் முதலில் ஓடும் /எஸ்பின்/இனிட், ஓப்பன்ஆர்சியை எழுப்பும் பழைய சிஸ்வி இனிட்டுக்கே சொந்தம். சிஸ்டம்டி சொதப்பினால் ஓப்பன்ஆர்சி வழியாகக் கருப்புத் திரைக்காவது போய்ச் சேரலாம்.

மொத்தம் 143 பேக்கேஜ். டிபஸ், போல்கிட், நெட்வொர்க்மேனேஜர், பைப்வயர், ப்ளூஸ் என்று நீண்டது பட்டியல். கட்டுவதற்கு மிகக் கனமான கியூடி வெப்எஞ்சின் அதில் இல்லை என்பதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. நான்கு கோரும் 8 ஜிபி ராமும் வைத்துக்கொண்டு அதைக் கம்பைல் செய்தவர்களுக்கு இந்த நிம்மதி புரியும்.

12 ஜனவரி, ஞாயிறு

பூட்லோடரான க்ரப்பின் கெர்னல் வரியில் இனிட்டுக்குச் சிஸ்டம்டியின் முழுப் பாதையைக் கொடுத்து ரீபூட். ஜென்டூ தரும் தயார் கெர்னல்தான் வைத்திருக்கிறேன் என்பதால் கெர்னல் அமைப்பில் கை வைக்கவேண்டி வரவில்லை.

வந்தது, கருப்புத் திரையில் லாகின். கணினியின் பெயர் லோக்கல்ஹோஸ்ட். மளிகை பில்லை எடுத்து வரிவரியாக டிக் அடித்தேன். டிஸ்ப்ளே மேனேஜர் (வரைகலை லாகின் திரை): எஸ்டிடிஎம் என்று பெயர் சொல்லி இயக்க வேண்டும். நெட்வொர்க்மேனேஜர், க்ரோனி (நேரம் சரிபார்ப்பது), ப்ளூடூத், கப்ஸ் (பிரிண்டருக்கு): ஒவ்வொன்றாக. கணினியின் பெயர் /ஈடிசி/ஹோஸ்ட்நேமுக்குப் போனது.

டெஸ்க்டாப் வந்ததும் மூலையில் இரவு 9.40. சுவர்க் கடிகாரத்தில் மாலை 4.10. சரியாக ஐந்தரை மணி நேரம், அதாவது நம் நேரத்துக்கும் உலகப் பொது நேரமான யூடிசிக்கும் உள்ள அதே வித்தியாசம். விண்டோஸும் இதே லேப்டாப்பில் இருப்பதால் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் ஓடவிட்டிருந்தேன். அந்தச் செய்தி ஓப்பன்ஆர்சியின் அமைப்புக் கோப்பில் இருந்தது. சிஸ்டம்டி அதைப் படிப்பதில்லை. அதன் நேரக் கட்டளையான டைம்டேட்சிடிஎல்லில் மாற்றினேன். இப்படி வைப்பது நல்லதல்ல என்று ஒரு பத்தி அறிவுரை தந்துவிட்டு மாற்றிக்கொண்டது.

13 ஜனவரி, போகி

தெருவில் பழைய பாயும் துடைப்பமும் எரிகின்றன, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. நானும் நாளுக்கேற்ற வேலை பார்த்தேன். ஓப்பன்ஆர்சி, நெட்ஐஎஃப்ஆர்சி (அதன் நெட்வொர்க் ஸ்கிரிப்டுகள்), சிஸ்வி இனிட் மூன்றையும் போர்ட்டேஜின் டெப்க்ளீனில் பெயர் சொல்லி நீக்கினேன். சனிக்கிழமை எழுதிய அந்தப் பாதுகாப்பு வரியை எடுத்துவிட்டு சிஸ்டம்டியை மறுபடி கட்டினேன்.

அந்த வேகத்தில் பேக்கேஜ்.யூஸையும் சுத்தம் செய்தேன். அறுபது சொச்சம் வரிகள், ஒன்றிலும் ஏன் எழுதினேன் என்ற குறிப்பு இல்லை. டிஃப் படவகையின் லைப்ரரிக்கு "மைனஸ் வெப்பி" என்று ஒன்று. டிஃப்புக்கு வெப்பி படவகையின் லைப்ரரியான லிப்வெப்பி வேண்டும், லிப்வெப்பிக்கு டிஃப் வேண்டும் என்று இரண்டும் சுற்றிக்கொண்டபோது ஒரு தடவைக்காகப் போட்டது. ஒரு தடவைக்குப் போட்டது வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. காரணம் தெரியாத இருபது வரிகளைத் தூக்கி, மாறிய பேக்கேஜ்களைக் கட்டவிட்டுப் படுத்தேன்.

14 ஜனவரி, பொங்கல்

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருடாவருடம் பானைப் படத்தின் மேல் வாழ்த்து எழுதி அனுப்புவேன். அதற்கு, படங்களைக் கட்டளையால் திருத்தும் இமேஜ்மேஜிக்கில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். இன்று அது, பாங்கோ என்ற வடிவமே தெரியாது என்று சொல்லிப் படுத்துவிட்டது. (தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தருவது பாங்கோதான்.) அவசரத்தில் பாங்கோ இல்லாமல் நேரடியாக எழுத்தைப் போட்டேன். 'பொங்கல்' என்பதில் ப முதலில் வந்து நிற்க, அதற்கு முன்னால் இருக்கவேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு சேர்ந்துகொண்டது. பெரியம்மா பார்த்தால் இவனுக்கு எழுத்தும் மறந்துவிட்டதா என்று கேட்பார்.

நேற்றுத் தூக்கிய இருபதில் ஒன்று "இமேஜ்மேஜிக், பாங்கோ". டெஸ்க்டாப் ப்ரொஃபைலே பாங்கோவைத் தருகிறதே, இந்த வரி எதற்கு என்று நினைத்துத்தான் அழித்தேன். மேக்.கான்ஃபில் "மைனஸ் பாங்கோ" இருப்பதை நான் கவனிக்கவில்லை. சிஸ்டம் மெலிதாக இருக்க வேண்டும் என்று வெறி பிடித்துத் திரிந்த காலத்தில் எழுதியது. அந்த மெலிவால் ஒரு மெகாபைட்டாவது மிச்சமானதா, சந்தேகம்தான். இந்த முறை மேக்.கான்ஃபிலிருந்தே அதை எடுத்தேன். இமேஜ்மேஜிக் கட்டி முடியும்போது வீட்டில் பால் பொங்கி, எல்லோரும் சாப்பிட்டும் ஆகிவிட்டது. வாழ்த்து மதியம் ஒன்றரைக்குப் போனது.

16 ஜனவரி, வியாழன்

பேட்டரி 100 விழுக்காடு காட்டுகிறது. 80-இல் நிற்க வேண்டுமே? லோக்கல்.டி அடைவில் ஒரு மூன்று வரி ஸ்கிரிப்ட், பூட் ஆகும்போது அந்த வரம்பை எழுதிக்கொண்டிருந்தது. அந்த அடைவை ஓட்டியது ஓப்பன்ஆர்சி. அதை நான் போகியன்று நீக்கிவிட்டேன். மளிகை பில்லில் "லோக்கல்" என்று எழுதி, இது ஏதோ பொதுச் சேவை என்று டிக்கும் அடித்திருக்கிறேன்.

புதிதாகச் சேவை எழுதத் தேவையில்லை. பூட்டில் சிஸ்டம்டி படிக்கும் டிஎம்பிஃபைல்ஸ்.டி அடைவில் ஒரே வரி: 'டபிள்யூ' (எழுது), வரம்புக் கோப்பின் பாதை, நான்கு கோடுகள், 80. அதற்கு மேலே ஒரு குறிப்பு: "பேட்டரி வீங்காமல் இருக்க. இதை அழிக்காதே." ரீபூட் செய்து சார்ஜரைச் செருகினேன், சார்ஜ் ஏறவில்லை. 97-இலிருந்து இறங்க இன்னும் நேரமாகும்.