சிறுதேர் இழுக்கும் மே மாதம்

மே 5, திங்கட்கிழமை

இன்று முதல் பேத்தி பகல் முழுவதும் எங்கள் பொறுப்பில் இருக்கிறாள். விளையாட்டுப் பள்ளிக்கு ஜூன் தொடக்கம் வரை விடுமுறை. மகளும் மருமகனும் காலை எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார்கள். குழந்தைக்கு இரண்டு வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. பெரம்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்துக்கு முற்றம் கிடையாது. இந்தக் கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தரையில் பத்து மணிக்கு மேல் பாதம் வைக்க முடியாது. ஆகவே மாலை ஐந்து மணி வரை இரண்டு அறைகளுக்குள்தான் அவளுடைய உலகம்.

"ரொம்ப அடம் பண்ணினா ஃபோன்ல பாட்டு போட்டுக் குடுத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் கிளம்பினாள். அவளுடைய களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையின் முன் உட்காரக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம் என்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். புதிய பொம்மைகள் வாங்குவதாகவும் இல்லை; வீட்டில் இருப்பதைக் கொண்டே பார்ப்போம்.

மே 6, செவ்வாய்க்கிழமை

தண்ணீரில் தொடங்கினோம். அகலமான பிளாஸ்டிக் டப்பில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, டபரா, தம்ளர், எண்ணெய் ஊற்றும் புனல், தேநீர் வடிகட்டி, ஒரு கொட்டாங்கச்சி ஆகியவற்றைப் போட்டுக் கொடுத்தேன். ஐம்பது நிமிடங்கள் அவள் தலை நிமிரவில்லை. வடிகட்டியில் தண்ணீர் நிற்காமல் ஒழுகுவதையும் தம்ளரில் நிற்பதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை அழுத்தமாக எழுதிவைக்க வேண்டும். ஒரு சாண் ஆழமில்லாத தண்ணீரில்கூடக் குழந்தை குப்புற விழுந்தால் ஆபத்து நேரும். அதனால் அவள் தண்ணீரில் கை வைத்திருக்கும் வரை நான் எழுந்து போகவில்லை. கதவு தட்டப்பட்டபோது மனைவிதான் போனார். விளையாட்டு முடிந்ததும் டப்பை உடனே காலி செய்து, தண்ணீரை மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினோம். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய இந்த ஊரில் அதை வீணாக்க யாருக்கும் மனம் வராது.

மே 8, வியாழக்கிழமை

மேல் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மாண்டிசோரி முறையில் பல ஆண்டுகள் கற்பித்தவர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று இங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததைப் பற்றி அவர் சொன்னார். ஊற்றுவது, அள்ளுவது, துடைப்பது, மடிப்பது போன்ற வீட்டு வேலைகளைத்தான் அந்த முறையில் மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பார்களாம். "செய்து காட்டுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்" என்றார்.

அதன்படி இரண்டு கிண்ணங்களும் ஒரு கரண்டியும் கொடுத்து, ஒன்றில் இருந்த பச்சைப் பட்டாணியை மற்றொன்றுக்கு மாற்றச் சொன்னேன். சிறிது நேரம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு பட்டாணி அவள் மூக்கருகே போயிற்று. சட்டென்று கையைப் பிடித்துவிட்டேன், ஆனால் வெகுநேரம் எனக்கு நெஞ்சு படபடத்தது. தானியமும் பருப்பும் மூக்கில் போனால் ஈரத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். இந்த வயதில் இவை எதுவும் வேண்டாம். அதே பயிற்சியை எலுமிச்சம்பழங்களையும் சின்ன வெங்காயத்துக்குப் பதிலாகப் பெரிய வெங்காயத்தையும் வைத்துக் கொண்டு தொடர்ந்தோம். இட்லித் தட்டின் குழிக்கு ஓர் எலுமிச்சம்பழம் என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

மே 11, ஞாயிற்றுக்கிழமை

மகள் வீட்டில் இருந்ததால் எங்களுக்கு ஓய்வு. துவைத்த துணிகளில் கால் உறைகளை ஜோடி சேர்ப்பதில் தாயும் பிள்ளையும் அரை மணி நேரம் செலவிட்டார்கள்.

மே 13, செவ்வாய்க்கிழமை

மாவு பிசைந்தோம். இரண்டு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் தூள் உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், சிறிது சிறிதாக ஏறத்தாழ ஒரு கிண்ணம் தண்ணீர். நிறத்துக்கு ஒரு பகுதியில் மஞ்சள் தூள், மற்றொன்றில் பீட்ரூட் சாறு. உப்பு அதிகம் இருப்பதால் மாவு எளிதில் கெடாது, ஆனால் அதே உப்பு வயிற்றுக்குள் நிறையப் போனால் குழந்தைக்குத் தீங்கு. எங்கள் பேத்தி முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, என் மனைவி சப்பாத்திக்குப் பிசைந்த கோதுமை மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுத்தார். பச்சை மாவையும் தின்னவிடக் கூடாது என்பதால் ஒருவர் பக்கத்திலேயே இருந்தோம். முறுக்கு அச்சில் மாவைப் பிழிந்து காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மே 16, வெள்ளிக்கிழமை

இந்த இரண்டு வாரங்களில் எனக்கே மிகவும் பிடித்த நாள் இது. மாடித் தொட்டியில் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கிறது. காலையில் அவளே பத்துப் பூக்களைப் பறித்தாள். வெந்நீரில் நான் ஊறவைத்து ஆறவைத்ததும் தண்ணீர் ஆழ்ந்த நீலமாகிவிட்டது. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றை அவள் கையாலேயே பிழியச் செய்தபோது நீலம் ஊதாவாகி, இளஞ்சிவப்பை நோக்கிப் போயிற்று. இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவை நான் போட, அது பசுமை காட்டியது. "இன்னொரு தடவ, தாத்தா!" என்று பதினோரு முறை கேட்டாள், பதினோரு முறையும் செய்தோம்.

பிற்பகலில் மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் தாளில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தீட்டினோம். தீட்டிய இடம் எல்லாம் சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான்: காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் மஞ்சளின் நிறம் மாறுகிறது. புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுகிறது. காரணம் அவளுக்கு இப்போது தேவையில்லை. சிவப்புக் கோட்டை எலுமிச்சைத் தோலால் தேய்த்து அழிக்கலாம் என்பதை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

மே 20, செவ்வாய்க்கிழமை

ஐ.சி.எஃப் என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தச்சுப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு, அட்டைப்பெட்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பேத்திக்கு ஒரு சிறுதேர் செய்ய, மளிகைச் சாமான் வந்த பெட்டியிலிருந்து பின்களை முதலில் ஒன்றுவிடாமல் பிடுங்கினேன். சக்கரத்துக்கு ஒரே அளவில் மூன்று வட்டங்கள் வெட்டி, அட்டையின் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். பிளைவுட் வலுப் பெறுவது இந்த முறையால்தான். இப்படி நான்கு சக்கரங்கள். பழைய ஒட்டடைக் கம்பிலிருந்து அறுத்த துண்டுகள் இருசாயின. சணல் கயிற்றை ஒரு முழத்துக்குள் நிறுத்திக்கொண்டேன், நீளமானால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். மொத்தச் செலவு ஃபெவிகால் மட்டுமே.

பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பிள்ளையின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். மணல் வீடு, பறை, தேர் என்ற மூன்றையும் விலை கொடுத்து வாங்காமல் வீட்டிலும் தெருவிலும் உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதை எண்ணி மகிழ்ந்தேன். ஆண்பிள்ளைக்கு வகுத்ததைப் பெண்பிள்ளை இழுத்துக்கொண்டு போவதில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. வெங்காயம், அவளுடைய செருப்பு, பாட்டியின் கண்ணாடிக் கூடு எல்லாம் தேரில் ஏறின. பாட்டி சாமிக்கு வைத்த செம்பருத்தியும் ஏறியது.

மே 24, சனிக்கிழமை

தெருமுனையில் நுங்கு சீவி விற்பவரிடம் ஒரு டசன் வாங்கியபோது, சுளை எடுத்த காய்களில் நல்லதாக இரண்டைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒரு குச்சியின் இரு முனைகளிலும் அவற்றைச் செருகி, கவட்டைக் கம்பு ஒன்றின் நுனிகளைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தால் வண்டி தயார். என் சிறு வயதில் இதை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை போயிருக்கிறேன். அவளுக்குக் கம்பைப் பிடிக்கத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்கப் போன கையை ஆசிரியையின் பேச்சு நினைவுக்கு வந்து இழுத்துக்கொண்டேன். கால் மணி நேரம் தடுமாறிய பிறகு வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அப்படியே நடக்கட்டும்.

மே 28, புதன்கிழமை

காலையில் நான் எதையும் எடுத்து வைப்பதற்கு முன்பே அவளே டப்பை இழுத்துவந்து, தம்ளரையும் புனலையும் போட்டுவிட்டு, எனக்கு ஒரு முக்காலியைக் காட்டி, "தாத்தா, இங்க ஒக்காரு. பாரு" என்றாள். உட்கார்ந்தேன். தண்ணீரைத் தம்ளரில் மொண்டு, சிந்தாமல் கொண்டுவந்து, என் கையில் கொடுத்து, டீ என்றாள்.